வலது கையில் விலாங்கு

தூண்டிலின் தங்கூசி நூல் நகர்ந்ததைக் கண்தான் முதலில் பார்த்தது. கை சொல்லவில்லை. வலது கையின் சுண்டுவிரலிலும் மோதிர விரலிலுமாக இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தேன், வேண்டுமென்றேதான், மற்ற மூன்று விரல்களில் துணிக்கு மேலே தொட்டது போலவாவது ஏதோ தெரிகிறது, இந்த இரண்டிலும் அவற்றுக்குக் கீழே உள்ளங்கையின் ஓரத்திலும்தான் ஒன்றுமே இல்லை, இன்றைக்காவது மீன் சுண்டுவது கொஞ்சம் தெரிகிறதா பார்த்துவிடலாம் என்று. நூல் இறுகியது. விரலின் சதை இரண்டு பக்கமும் பிதுங்கி வெளுத்தது. பக்கத்து சீட்டுக்காரனின் விரலைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி ஆறரை. கொள்ளிடத்தில் புதுத் தண்ணீர் வந்து ஐந்தாவது நாள், கதவணையில் இரண்டு மதகை மட்டும் ஒரு சாண் தூக்கிவிட்டிருந்தார்கள், டீ நிறத்தில் தண்ணீர் கற்களுக்கு நடுவே சுழித்துக்கொண்டு போனது. பத்தடி தள்ளி அடைக்கலசாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான், ஒன்பது வருஷமாக என் வண்டியின் கண்டக்டர், என்னைவிட நாலு வயது சின்னவன். இன்று லீவு போட்டிருக்கிறான், எனக்காக. பதினோரு மணிக்கு மாவட்ட ஆஸ்பத்திரியில் எனக்கு மெடிக்கல் போர்டு, டிரைவர் கலியபெருமாள் இனிமேல் பஸ் ஓட்டலாமா கூடாதா என்று அங்கேதான் சொல்வார்கள். "வீட்டுல உக்காந்து கையையே பாத்துக்கிட்டிருக்காதீங்க, அடைக்கலத்தோட ஆத்துக்குப் போய்ட்டு வாங்க, விலாங்கு கெடச்சா கொண்டாங்க, நரம்புக்கு நல்லதாம்" என்று என் மனைவி தனக்கொடிதான் அனுப்பினாள். அவளுக்கு நான் கையைப் பார்ப்பதுதான் தெரியும், ஏன் பார்க்கிறேன் என்று தெரியாது. அவளைப் பொறுத்தவரை கை சரியாகிவிட்டது.

சரியாகிவிட்டது என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். டாக்டரிடம், டெப்போவில், பிசியோ பெண்ணிடம், எல்லோரிடமும். பொய் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது, ஒருவரிடம் சொல்லிவிட்டால் மற்றவர்களிடம் சொல்வதற்குப் புதிதாக எதுவும் யோசிக்க வேண்டியதில்லை. முதல் பொய் எப்போது என்று கேட்டால் அந்த டீ கிளாஸ். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிளாஸை வாங்கினேன், வாங்கியதாகத்தான் நினைத்தேன், அது கீழே கிடந்தது. கடைக்காரர் "என்னா டிரைவர், சூடா?" என்றார், "ஆமா, சூடு" என்றேன். சூடே தெரியவில்லை. கையை உதறினேன், மரத்துப்போயிருக்கிறது, ஜன்னல் சட்டத்தில் கையை மடக்கி வைத்து அசந்திருப்பேன் என்று நினைத்தேன், ஆனால் அன்றைக்கு நான் எங்கேயும் அசரவில்லை. அடைக்கலம் விசில் கொடுத்தான், ஏறி உட்கார்ந்தேன், வண்டியை எடுத்தேன். பதினான்கு கிலோமீட்டர். ஐம்பத்திரண்டு பேர் உட்கார்ந்தும் நின்றும். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இடது பக்கம் ஒரு திருப்பம் உண்டு, திருப்பி முடித்ததும் ஸ்டியரிங்கை நேர் செய்ய வேண்டும், இருபத்தேழு வருஷமாக வலது கை தானாகச் செய்வது, அன்றைக்குச் செய்யவில்லை. எதிரே சைக்கிளில் பால்கேனோடு ஒரு பெண், பச்சைப் புடவை, கேனில் சிவப்பு மூடி. இடது கையால் இழுத்தேன். கண்ணாடியில் அவள் காலை ஊன்றி நின்று திட்டுவது தெரிந்தது, திட்டுகிறாள் என்றால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகும் ஒன்பது கிலோமீட்டர் ஓட்டினேன். ஏன் நிறுத்தவில்லை என்று நாற்பத்திரண்டு நாளாக யோசிக்கிறேன். நிறுத்தினால் ஏன் நிறுத்தினீர்கள் என்று ஐம்பத்திரண்டு பேர் கேட்பார்கள், அது ஒன்றுதான் அப்போது தோன்றியது என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரியில், கையோடு நின்றுபோன சின்னப் பக்கவாதம் என்றார்கள், எப்போது ஆரம்பித்தது என்று கேட்டபோது வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது என்று சொன்னேன். அதையே எழுதிக்கொண்டார்கள், அதுவே கேஸ் ஷீட்டில் இருக்கிறது. பச்சைப் புடவை எதிலும் இல்லை.

"என்னாண்ணே, இழுக்குது பாருங்க, தூங்குறீங்களா?" என்று அடைக்கலம் கத்தினான். "பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன், அது உண்மை. எழுந்து நின்று நூலை இழுத்தேன், இடது கையால் இழுத்து வலது கையில் சேர்த்து. பாறையில் மாட்டியது போல ஒரு கனம், பிறகு பாறையே நகர்வது போல. கெண்டை என்றால் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கெளுத்தி சுண்டும். இது இரண்டும் இல்லாமல் பின்பக்கமாக நடந்துபோகும் ஆளைக் கயிற்றில் கட்டி இழுப்பது போலிருந்தது. "விலாங்குண்ணே! விடாதீங்க, கல்லுக்குள்ள போச்சுன்னா நாளன்னிக்கு வரைக்கும் வராது!" அது எனக்கும் தெரியும். இடுக்கில் வாலை விட்டு உடம்பை முறுக்கிக்கொண்டால் நூல்தான் அறும், விலாங்கு வராது. ஒருமுறை என் வண்டியில் மீன்வளக் கல்லூரிப் பையன் ஒருவன் முன் சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டு வந்தான், இது கடலில் பிறக்குமாம், ஊசி மாதிரி இருக்கும்போதே ஆற்றில் ஏறி வருமாம், அணை குறுக்கே வந்தால் ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறுமாம், பத்துப் பதினைந்து வருஷம் இங்கே இருந்துவிட்டு முட்டையிட மறுபடியும் கடலுக்கே போகுமாம், போவதோடு சரியாம், திரும்பி வராதாம். தோலாலேயே மூச்சு விடுமாம். "ரிட்டர்ன் டிரிப் கெடையாதா?" என்று பின்னாலிருந்து அடைக்கலம் கேட்டான், "அப்ப கலெக்‌ஷன் பாதிதான்" என்றான், பையன் சிரித்தான். நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை, அந்த இடத்தில் ரோடு மோசம்.

கரைக்கு வந்துவிட்டது. இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, என் மணிக்கட்டு கனம், மேலே பாசி நிறம், அடியில் பழைய வேட்டி நிறம். எனக்குத் தூண்டில் கட்டிக் கொடுத்தது அடைக்கலம், அவன் கட்டும் தூண்டிலில் எப்போதும் இரண்டு முள், நாலு விரற்கடை இடைவெளியில், அடி முள்ளில் கோழிக்குடல், மேல் முள்ளில் மண்புழு. விலாங்கு குடலை விழுங்கியிருந்தது. கல்லில் தூக்கிப் போட்டேன், விழுந்த சத்தம் கேட்டது, அது விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை, அப்படியே நகர ஆரம்பித்தது. காலால் மிதித்தேன், ரப்பர் செருப்பு, செருப்புக்கு அடியில் அது சுருங்கி நீண்டு வெளியே வந்தது. பக்கத்தில் கிடந்த கட்டையால் தலையில் ஒரு அடி கொடுத்தேன். மற்ற மீன் எதுவாக இருந்தாலும் அத்தோடு முடிந்திருக்கும். இது தலையை ஒருமுறை ஆட்டிக்கொண்டது, காது அடைத்தவர் ஆட்டிக்கொள்வது போல, திரும்பவும் தண்ணீர்ப் பக்கம். தண்ணீர் எந்தப் பக்கம் என்று அதற்கு யார் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. எத்தனை முறை திருப்பிப் போட்டாலும் அந்தப் பக்கம்தான். "சாம்பல் கொண்டாந்திருக்கேன்ணே, இருங்க, வெறுங்கையால தொடாதீங்க" என்று அடைக்கலம் தன் தூண்டிலைக் கல்லில் சுற்றிக்கொண்டே சொன்னான். விலாங்குக்காக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடுப்புச் சாம்பல் வைத்திருப்பான், கையில் பூசிக்கொண்டால் வழுக்காது. "வேண்டாம்" என்றேன். சாம்பலோடு பிடித்தால் பிடித்தது கை இல்லை, சாம்பல் என்று ஆகிவிடும்.

குனிந்து இடது கையால் பிடித்தேன். நல்ல கை அதுதான், இருபத்தேழு வருஷம் கியர் மாற்றிய கை. நழுவியது. மறுபடியும் பிடித்தேன், மறுபடியும் நழுவியது, சோப்பின் மேல் எண்ணெய் ஊற்றியது போல. அப்போது தெரிந்துகொண்டேன், நான் அமுக்கவே இல்லை. இடது கை அமுக்குவதை மறந்துபோயிருந்தது. அதற்கும் ஒரு கதை இருக்கிறது. மெடிக்கல் போர்டில் டாக்டர் இரண்டு கையிலும் இரண்டிரண்டு விரலைக் கொடுத்து அமுக்கச் சொல்வார், ஒரு கையை மற்றதோடு ஒத்துப் பார்ப்பார், அவ்வளவுதான் டெஸ்ட். இது டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அடைக்கலம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து உட்கார்ந்து, தனக்கொடி உள்ளே போகும் வரை காத்திருந்து சொன்னான். "வலதை ஏத்த முடியலன்னா இடதை எறக்குங்கண்ணே. ரெண்டும் ஒரே அளவா இருந்தாப் போதும். வயசாயிடுச்சு, பலம் இவ்வளவுதான்னு எழுதிடுவாங்க. ஜெயங்கொண்டம் ரூட்டு பன்னீரு அப்படித்தான் தப்பிச்சாரு." அன்றிலிருந்து பழகினேன். தனக்கொடியின் விரல்களைப் பிடித்துக்கொண்டு தினம் காலையும் மாலையும். முதல் வாரம் "இடது பக்கம் வலிக்குதுங்க" என்றாள். இரண்டாவது வாரம் "இடதுதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை சொன்னாள், "ரெண்டும் ஒரே மாதிரி இருக்குங்க." சொல்லிவிட்டு அழுதாள், முந்தானையால் துடைத்துக்கொண்டு மாரியம்மனுக்கு மாவிளக்கு வேண்டியிருப்பதாகச் சொன்னாள். நானும் சரி, போடலாம் என்றேன். வலது கை ஏறவில்லை, இடது கை இறங்கிவிட்டது. செருப்பு வார் மாட்டுவது, பேஸ்ட் பிதுக்குவது, பம்ப் அடிப்பது, எல்லாவற்றையும் அந்த அளவிலேயே செய்து செய்து கை அதையே தன் அளவு என்று எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போது விலாங்கு வந்து நிற்கிறது, அதற்கு மெடிக்கல் போர்டு தெரியாது.

இரண்டு கல்லுக்கு நடுவே அது தலையை விட்டுவிட்டது. நூலை நான் எப்போதோ கீழே போட்டிருந்தேன். இன்னும் ஒரு சாண் உள்ளே போனால் முடிந்தது. யோசிக்கவில்லை, வலது கையை விட்டேன், கழுத்துக்குக் கீழே எங்கேயோ பிடித்தேன், பிடித்து இழுத்தேன். வந்தது. வெளியே வந்து முறுக்கியது, வால் என் முழங்கை வரை ஏறிச் சுற்றிக்கொண்டது, நான் நிமிர்ந்து நின்றேன், கையை உயர்த்தினேன், அது கையில் இருந்தது. நழுவவில்லை. உதறியது, நழுவவில்லை. வழவழவென்று கோழை மணிக்கட்டில் வழிந்தது, நழுவவில்லை. அடைக்கலம் ஓடிவந்தான். "யண்ணே! வெறுங்கையால! யண்ணே, என் சின்ன மாமனாரு மீன்புடி தொழிலே செஞ்சவரு, அவரே சாம்பல் இல்லாமத் தொட மாட்டாரு!" என்றான். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "விலாங்கையே புடிச்சிட்டீங்க, ஸ்டியரிங் எங்க ஓடிப்போவப் போவுது? அது பாவம், வட்டமா ஒரே எடத்துல இருக்கு" என்றான். நான் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன், மதகு மேலே நின்றிருந்த, அதைத் திறந்து மூடும் லஸ்கர் எட்டிப் பார்த்தார்.

"அப்படியே புடிச்சிருங்க, சாக்கு பைக்குல கெடக்கு, மேல வாங்க" என்று அவன் முன்னால் நடந்தான். சரிவில் நாற்பது ஐம்பது எட்டு இருக்கும். நான் பின்னால் ஏறினேன், கையை உடம்பை விட்டுத் தள்ளி நீட்டிக்கொண்டு, கோயில் காரியத்துக்கு எதையோ தூக்கிக்கொண்டு போகிறவன் போல. கையைப் பார்த்தேன். விரல்கள் மடங்கியிருந்தன, நன்றாக மடங்கியிருக்கவில்லை, ஆனால் மீன் இருந்தது, அதைவிட வேறு என்ன வேண்டும். தெரியாவிட்டால் என்ன, பிடித்தால் போதாதா. பல் கட்டிக்கொண்டவர்களுக்குப் பல்லில் எதுவும் தெரிவதில்லை, முறுக்குத் தின்கிறார்கள். காலை எட்டு பத்து மணி டிரிப்பை நினைத்தேன். முதல் ஸ்டாப்பில் ஏறும் நெசவுப் பட்டறைக்காரர்கள், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கும் அந்தத் தபால்காரர், காலையில் இன்ஜின் மேல் பையை அடுக்கும் பள்ளிக்கூடப் பெண்கள், என் பெயர் தெரியாது, "டிரைவரண்ணா பை விழாமப் பாத்துக்கங்க" என்பார்கள். ஓட்டக்கூடாது என்று லைட் டூட்டி கொடுத்தால் டயர் செக்‌ஷனில் நம்பர் எழுத வேண்டும், அல்லது கேட்டில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிக்கு நேரம் குறிக்க வேண்டும். தங்கவேலு இருக்கிறார் கேட்டில், கண் மங்கியதிலிருந்து, வண்டி உள்ளே வரும் சத்தத்தை வைத்தே யார் ஓட்டுகிறார்கள் என்று சொல்வார், எல்லோரும் சிரிப்போம், அவரும் சிரிப்பார், சிரித்து முடித்ததும் அந்த ஸ்டூலில் அவர் உட்காரும் விதத்தை நான் பார்க்காமல் போய்விடுவேன். அது வேண்டாம். இனி அது இல்லை. டாக்டரிடம் இன்றைக்கு இடதைக் கொஞ்சம் ஏற்றியே அமுக்கலாம், வலது அதற்கு ஈடு கொடுக்கும். பச்சைப் புடவையும் அத்தோடு முடிந்துவிடும். ஆகாத ஒரு விஷயம், கை சரியாகிவிட்டால் அது நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மேலே அடைக்கலம் ஈரச் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். "விடுங்கண்ணே" என்றான். விரல்களைத் திறந்தேன். திறந்ததைப் பார்த்தேன், ஐந்தும் நன்றாகத் திறந்திருந்தன. விலாங்கு விழவில்லை. "விடுங்கண்ணே, வெளையாடாதீங்க." "விட்டுட்டேன்டா" என்றேன். கையை உதறினேன். அது கையோடு ஆடியது, வாயிலிருந்து ஒரு நூல் மேலே வந்து என் உள்ளங்கையில் முடிந்தது, அந்த இடத்தில் தோல் கூடாரம் மாதிரி கூம்பி நின்றது. ரத்தம் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை போயிருந்தது, அது விலாங்கின் ரத்தம் என்றுதான் இவ்வளவு நேரமும் நினைத்திருந்தேன், நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, பார்த்தேன், அவ்வளவுதான். மேல் முள். சுண்டுவிரலுக்கு நேர் கீழே முள்ளின் வளைவு முழுக்க உள்ளே போயிருந்தது. நான் பிடிக்கவில்லை. முள் பிடித்திருக்கிறது. கல்லிடுக்கில் கையை விட்டபோதே ஏறியிருக்க வேண்டும், அங்கிருந்து நாற்பது ஐம்பது எட்டு, ஒரு கிலோ மீனின் பாரத்தையும் உள்ளங்கைச் சதையில் தொங்கவிட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, முறுக்கையும் பல்லையும் பற்றி யோசித்துக்கொண்டு ஏறி வந்திருக்கிறேன்.

அடைக்கலம் முதலில் சிரித்தான், "அட, ரெண்டு பேரையும் ஒரே தூண்டிலு புடிச்சிருக்கு" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பார்த்தான். நூலைப் பல்லால் கடித்து அறுத்து விலாங்கைச் சாக்கில் தள்ளி வாயைக் கட்டினான். பைக் சீட்டுக்கு அடியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தான். முள்ளை வந்த வழியே இழுக்க முடியாது, முனையில் பின்பக்கம் மடங்கிய கொக்கி கிழிக்கும், முன்னால் தள்ளி முனையை மறுபக்கம் வெளியே கொண்டுவந்து கொக்கியை வெட்டிவிட்டுப் பின்னால் எடுக்க வேண்டும், இது ஆற்றில் உட்காருகிறவர்களுக்குத் தெரியும். "பல்லைக் கடிச்சுக்கங்கண்ணே" என்றான். கடித்துக்கொண்டேன், அவனுக்காக. முனை தோலைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. "வலிக்குதா?" அவன் கையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டான். இரண்டு வழி இருந்தது. நாற்பத்திரண்டு நாள் பழக்கத்தில் ஆமாம் என்பது நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. "இல்ல" என்றேன். கொக்கியை வெட்டினான், இன்னொரு முறை கேட்டான், "கொஞ்சம்கூடவா?" "ம்ஹூம்." அவன் முகத்தில் வியர்த்திருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினான், கைக்குட்டையை மடித்துக் கட்டினான். தரையில் சாக்கு தானாக ஒரு அடி நகர்ந்திருந்தது, ஆற்றுப் பக்கம்.

வீட்டுக்குப் போய்க் குளித்துக் கிளம்பினோம். "சட்டை பட்டனை நான் போடட்டா?" என்றாள் தனக்கொடி, கட்டைப் பார்த்துவிட்டு. "போடு" என்றேன், முதல்முறையாக. அவள் கழுத்துப் பட்டனில் கொஞ்ச நேரம் நின்றாள். விலாங்கை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனவள் ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து, சாம்பலில் புரட்டி அருவாமனையில் வைத்தாலும் அருவாமனையையே சுற்றிக்கொள்கிறது, தனக்குப் பயமாக இருக்கிறது, வந்த பிறகு அடைக்கலத்தம்பியே அறுத்துக் கொடுக்கட்டும் என்று சொல்லித் தண்ணீர்க் குடத்தில் போட்டு மேலே அம்மிக்குழவியை வைத்துவிட்டாள். பைக்கில் நான் பின்னால் உட்கார்ந்தேன், இடது கையால் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. அணைக்கட்டு ரோட்டைத் தாண்டினோம். அடைக்கலம் தலையைத் திருப்பாமலே, "கட்டு இருக்குல்லண்ணே" என்றான். "தூண்டில் குத்திடிச்சு, அமுக்க முடியாதுன்னு சொல்லுங்க. ஒரு மாசம் தள்ளி வரச் சொல்லுவாங்க. அதுக்குள்ள ஏதாச்சும் பண்ணலாம்." நல்ல யோசனைதான். நானே யோசித்து வைத்திருந்தேன், குளிக்கும்போது. "அடைக்கலம், அன்னிக்கி டீ கிளாஸு..." என்று ஆரம்பித்தேன். வண்டி கொஞ்சம் வேகம் குறைந்தது. "தெரியும்ணே" என்றான். "என்னா தெரியும்?" "ஸ்கூல் திருப்பத்துல ஒத்தக் கையால இழுத்தீங்க. நான் முன்படியிலதான் நின்னேன். அந்தப் பொம்பள, பச்சப் பொடவ. அதுக்கப்புறம் டிக்கெட்டே கிழிக்கல நான், உங்க கையவே பாத்துக்கிட்டு நின்னேன். விசில் குடுத்து நிறுத்தியிருக்கணும். குடுக்கல." எதிரே ஒரு கரும்பு லாரி வந்தது, அவன் ஓரம் ஒதுங்கி அதற்கு வழி விட்டான். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து இவன் ஏன் அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தான் என்று எனக்குப் புரிந்தது, அன்று விசில் கொடுக்காததற்கு அவனுக்கும் ஒரு சரியான கை தேவைப்பட்டிருக்கிறது. "ஏன்டா குடுக்கல?" என்றேன். "நீங்க ஏன்ணே நிறுத்தல?" என்றான். கம்பியைப் பிடித்திருந்த இடது கையைக் கவனித்தேன், தளர்வாக இருந்தது, பழகிய அளவில். அமுக்கினேன். இன்னும் அமுக்கினேன். கொஞ்சம் நேரம் பிடித்தது, தூங்கும் ஆளை எழுப்புவது போல, முதலில் விரல், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை வரை இறுகியது. ஆஸ்பத்திரி வரும் வரை விடவில்லை.

போர்டில் மூன்று டாக்டர்கள் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன், ஒருவர்தான் இருந்தார், மற்ற இரண்டு நாற்காலிகளில் ஃபைல்கள். சின்ன வயது, எனக்குப் பிள்ளை வயது இருக்கும் பையன், மூக்கில் கண்ணாடி இறங்கியிருந்தது. கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "கையில என்ன கட்டு?" "தூண்டில் முள்ளு சார். காலைல." "அப்ப அமுக்கிப் பார்க்க முடியாதே. வலி இருக்கும். வேற தேதி போட்டுத் தரட்டுமா?" என்று பேனாவைத் திறந்தார். இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பைக் மேல் உட்கார்ந்து அடைக்கலம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். தனக்கொடி இந்நேரம் குடத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்திருப்பாள், குழவி நகர்ந்திருக்கும். "வேண்டாம் சார், இன்னிக்கே பாருங்க" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு எழுந்து வந்து எனக்கு முன்னால் நின்றார், இரண்டு கைகளையும் நீட்டினார், ஒவ்வொன்றிலும் இரண்டு விரல். மெல்லிய, சோப்பு வாசனையுள்ள விரல்கள். பிடித்துக்கொண்டேன். இடதில் அவை இருப்பது தெரிந்தது, வலதில் இருப்பதைப் பார்த்தேன். "ரெண்டு கையாலயும் நல்லா அமுக்குங்க" என்றார். அமுக்கினேன், இருக்கிற பலம் முழுக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டையும். "ஆ" என்று அவர் ஒரு பக்க விரல்களை வெடுக்கென்று உருவிக்கொண்டு உதறினார், இடது கையில் இருந்தவை. பிறகு வலது பக்கம் குனிந்து பார்த்தார், அவருடைய விரல்கள் இன்னும் அங்கேதான் இருந்தன.

"இந்தக் கையையும் அமுக்குங்க" என்றார்.

"அமுக்கிக்கிட்டுதான் சார் இருக்கேன்" என்றேன்.